பினாயில்கூட இல்லாத வீடு

“இது சுண்டெலி வேலை இல்லம்மா. புழுக்கையோட பருமனைப் பாரு. பெருசா ஒண்ணு உள்ள குடித்தனமே நடத்துது” என்றாள் அக்கா, அரிசி டின்னுக்குப் பின்னால் டார்ச் அடித்தபடி.

தம்பி மனைவி துடைப்பத்தை எடுத்துவந்தாள்.

அக்காவுக்குப் பெண்கள் விடுதியில் வார்டன் உத்தியோகம். கட்டில் இடுக்கில் ஒரு பார்வை பார்த்தே மூட்டைப்பூச்சி உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவாள். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, ‘கரப்பான் வாடை’ என்பாள். விடுதிப் பெண்கள் பூச்சிகளைவிட அவளுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்.

தம்பி எலக்ட்ரீஷியன். வேலையில் ஷாக் அடித்ததில் வலது கை மரத்துப்போனது. விரல் மடங்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மாதக்கணக்காகியும் முன்னறை நாற்காலியை விட்டு அவன் எழுவதே அபூர்வம். யார் என்ன கேட்டாலும் ஒரு ‘ம்’. அதோடு சரி.

அவனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று லீவு போட்டு வந்தவளுக்கு, வீட்டைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

சிங்க்குக்கு அடியில் கரப்பான். ஜன்னல் ஓரம் எறும்புச் சாரை. அலமாரியைத் திறந்தால் துணி மடிப்பிலிருந்து ஒரு பூச்சி குடுகுடுவென்று ஓடியது.

“அந்துருண்டை எங்க?”

“இல்ல அண்ணி.”

“கரப்பானுக்கு அடிக்கிற ஸ்ப்ரே?”

“வாங்குறதில்ல.”

“பினாயிலாவது இருக்கா?”

“சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சிடுவேன்.”

“அப்ப கரப்பானை என்ன பண்ணுவே? கையெடுத்துக் கும்பிட்டு வழியனுப்புவியா?”

“செருப்பால அடிச்சிடுவேன் அண்ணி.”

எலிக்கு ஒரு கூண்டு வைத்திருந்தாள். சிக்கினால் தெருக்கோடி வரை தூக்கிக்கொண்டு போய்க் காலி மனையில் திறந்துவிட்டு வருவாளாம். ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து வைத்திருந்தாள்.

“நல்லா இருக்கு! நீ வீடு திரும்புறதுக்கு முன்னாடி அது வந்து உட்கார்ந்திருக்கும்.”

அவள் சிரிக்கவில்லை.

சாயங்காலம் அக்கா தானே கடைக்குப் போனாள். வந்து பையைச் சமையல் மேடையில் கவிழ்த்தாள். ஸ்ப்ரே, பினாயில், எலி மருந்து.

“இனிமே பாரு, ஒண்ணு தப்பாது.”

தம்பி மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. முன்னறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் எல்லாவற்றையும் வாரிப் பைக்குள் திணித்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிவிட்டாள்.

திரும்பி வந்தபோது கை காலியாக இருந்தது.

“எங்கடி அதெல்லாம்?”

“கடையில திருப்பிக் குடுத்துட்டேன் அண்ணி.”

“ஏன்?”

“பாவமா இருக்கு. வாயில்லாத ஜீவன்...”

“கரப்பானைச் செருப்பால அடிப்பே, எலின்னா மட்டும் பாவமா?”

அவள் தலை நிமிரவில்லை.

“கை போய் ஒருத்தன் மூலையில உட்கார்ந்திருக்கான். அவன் மேல இல்லாத அக்கறை எலி மேல உனக்கு. சோம்பேறித்தனத்துக்கு இரக்கம்னு பேர் வைக்காதே!”

அவள் கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அக்காவுக்கு அதுவும் நடிப்பாகப் பட்டது. விறுவிறுவென்று துணிகளைப் பெட்டியில் அடைத்தாள்.

“சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணி.”

“எலி மிச்சம் வச்சதையா?”

வாசலைத் தாண்டியபோது பின்னால் காலடிச் சத்தம். தம்பி! இடது கையை நீட்டிப் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

“நீ எதுக்குடா வர்றே? நானே தூக்கிக்கிறேன்.”

அவன் விடவில்லை. பஸ் ஸ்டாப்பை நோக்கி இருவரும் நடந்தார்கள்.

“என்னைச் சொல்லணும். நாலு இடம் பார்த்து, பொறுமையான பொண்ணுன்னு நான்தானே முடிச்சு வச்சேன்? என் தலையில நானே அடிச்சுக்கணும்.”

அவன் நடையை எட்டிப் போட்டான்.

“நோயாளி இருக்கிற வீடுடா. எலி ஏறி உன் மேல ஓடினாக்கூட அவளுக்கு உறைக்காது போலிருக்கு.”

பஸ் திருப்பத்தில் தெரிந்தது.

“அவளைத் திட்டாதக்கா” என்றான். அவள் வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

“பின்ன? ஒரு எலி மருந்தைப் பார்த்து யாராவது இப்படிப் பதறுவாங்களா?”

பஸ் வந்து நின்றது. பெட்டி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

“போன மாசம் நான் போய் வாங்கிட்டு வந்தேன். அவதான் பார்த்துட்டுப் பிடுங்கினா. அப்புறம் யார்கிட்டயும் மூச்சு விடலை. இவ்வளவு பேச்சு வாங்கியும், உங்கிட்டகூடச் சொல்லலை பாரு.”

“எதைச் சொல்லலை?”

தம்பி தரையைப் பார்த்தான்.

“நான் எலிக்கு வாங்கலக்கா.”