கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி

அந்த ரோபோவுக்குக் கணினி விளையாட்டில் இருந்த ஒரே வேலை, சுடப்படுவது. முதல் கட்டத்தின் வாசலில் தகர டப்பா மாதிரி நிற்கும். விளையாட வருபவர்கள் துப்பாக்கி வேலை செய்கிறதா என்று அதன்மேல் சுட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போவார்கள். சுடாமலும் போகலாம், கதவு திறந்துதான் இருக்கும். விளையாட்டு வெளிவருமுன் அதைச் சோதிக்க வந்தவர்களில் ஒருத்தர்கூட அப்படிப் போனதில்லை. அதைப் பிக்சல் பிக்சலாக அடுக்கி வரைந்த குபேந்திரனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு ஆள் விட்டுவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

குறை தன் வேலையில்தான் என்று முடிவுகட்டினான். நிழலுக்குக் கறுப்பு பூசியிருந்தான். அழித்துவிட்டு ஊதா வைத்தான். வெளிச்சத்தை இடப்பக்கமிருந்து மட்டும் விழவிட்டான். மூட்டுகளில் துரு ஏறியது, தட்டையாக இருந்த வயிறு உருண்டையானது. கடைசியாகக் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி. தகரம் அவனை நிமிர்ந்து பார்த்தது.

மறுநாள் சோதிக்க வந்த சஹானா சுடாமல் நின்றாள். துப்பாக்கியைத் தாழ்த்தினாள். பின்னால் நின்ற குபேந்திரன் திரையருகே ஓரடி நகர்ந்தான்.

"ஏய், எல்லாரும் வாங்கடி! இது அழுவுற மாதிரியே இருக்கு!"

தோழிகள் சூழ்ந்ததும் அவள் ரோபோவின் காலிலிருந்து சுட ஆரம்பித்தாள். அவசரமே படவில்லை.

"இப்பதான்யா இதுக்கு உயிர் வந்திருக்கு" என்று முதலாளி பத்ரி அவன் முதுகில் தட்டினார். "அடுத்த கட்டத்துக்கு இதே மாதிரி ஒரு குட்டி போட்டுரு தம்பி."

குட்டியைச் சுட யாருக்கு மனசு வரும் என்று நினைத்தபடி, குபேந்திரன் கண்ணைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தான்.