கை தவறியது

"நைனா கீறாரா?"

தலையை நனைத்துவிட்டு, கத்தியைத் தீட்டிக்கொண்டே துளசிங்கம் கேட்டார்.

திருத்தணி மலையடிவாரத்துக் குளக்கரையில் மொட்டை அடிக்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். அப்பா உயிரோடு இருப்பவனுக்குத் தலைமுடி மட்டும் இறங்கும், மீசையைத் தொட மாட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்தவனுக்குத்தான் மீசையும் சேர்ந்து போகும்.

கேட்டது தேசப்பனை. பதில் சொன்னது பக்கத்தில் நின்ற அவன் அம்மா குப்பம்மாள்.

"கீறாருங்க. ரங்கூன்லர்ந்து பின்னால வந்துகினு கீறாரு. இவன் முன்னால வந்துட்டான்."

மணவூரிலிருந்து கிளம்பி, அரக்கோணத்தில் ரயில் மாறி வந்திருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமம். கொண்டையில் கிள்ளி வைத்தாற்போல் கொஞ்சம் கனகாம்பரம்.

கிருத்திகைக்கு இன்னும் நாள் இருந்ததால் கரையில் கூட்டமில்லை. கத்தி மண்டையில் இறங்க இறங்க, அவர் கேட்காமலே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அப்பனும் மகனும் சேர்ந்துதான் ரங்கூனை விட்டுக் கிளம்பினார்களாம், காடும் மலையுமாக நடந்து. மகன் மட்டும் போன வாரம் ஊர் வந்து சேர்ந்தானாம். வந்தால் மொட்டை போடுகிறேன் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாளாம்.

மொட்டைக்குத் தலையைக் கொடுத்தவனைவிடக் கூட வந்தவர்கள்தான் எப்போதும் அதிகம் பேசுவார்கள். துளசிங்கம் ஆங், ஆங் என்று கேட்டுக்கொள்வார். அப்படிக் கேட்ட கதைகளை முடியோடு சேர்த்து உதறிவிட்டுப் போவதுதான் அவர் வழக்கம்.

தேசப்பன் எலும்பும் தோலுமாக இருந்தான். பாதத்தில் ஆறாத புண். வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை, சாப்பிடு என்றால் சாப்பிடுகிறான், படு என்றால் படுக்கிறான் என்றாள் அம்மா.

பாதித் தலை ஆகியிருந்தபோது, சந்தனம் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைப்பக்கம் போனாள்.

அவள் மறைந்ததும் அவன் நிமிர்ந்தான்.

"பெரியவரே, மீசையையும் எடுத்துடுங்க."

கத்தி நின்றுவிட்டது.

"அம்மா பாக்குமேப்பா."

"பாக்கட்டும். என்னால வாயால சொல்ல முடியல."

துளசிங்கத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. நீ சொல்ல முடியாததை என் கத்தி சொல்ல வேண்டுமா? இழவு வீடுகளுக்கும் போய்ச் சிரைத்தவர்தான் அவர். ஆனால் அங்கே அவர் போய்ச் சேரும்போது அழுது ஓய்ந்திருப்பார்கள். இங்கே அவர் கத்தி வைத்த பிறகுதான் அழுகையே ஆரம்பிக்கப் போகிறது.

"ஒரு ஆத்தங்கரையில உட்டுட்டு வந்தேன். கொள்ளி வெக்கக்கூட முடியல" என்றான் தேசப்பன்.

அதற்குமேல் கோபப்பட அவரால் ஆகவில்லை.

மிச்சத் தலையை முடித்தார். மீசைக்கு வந்தபோது அவன் மேலுதடு நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்குகிற உதட்டில் கத்தி வைக்கக் கூடாது. அவன் தாடையை இடது கையில் ஏந்திக்கொண்டு, நடுக்கம் நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு எடுத்தார்.

அவன் குளத்தில் முங்கி எழுந்து வந்து நிற்கவும் குப்பம்மாள் திரும்பி வரவும் சரியாக இருந்தது.

துளசிங்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. துடைத்த கத்தியையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார். எந்த நேரமும் அலறல் கிளம்பும் என்று காதை மட்டும் தயாராக வைத்திருந்தார்.

அலறல் வரவில்லை.

அவள் மகனின் மேலுதட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு இவர் பக்கம் திரும்பினாள்.

"கை தவறிடுச்சாண்ணா?"

துளசிங்கத்தின் கை இந்த விஷயத்தில் ஒருநாளும் தவறியதில்லை. அப்பன் இருக்கிறவனுக்கு மீசையை எடுத்துவிட்டான் என்று பேர் கிளம்பினால் அப்புறம் யாரும் அவரிடம் தலை கொடுக்க மாட்டார்கள். அடுத்த படியில் உட்கார்ந்திருந்த ஜம்புலிங்கத்துக்கும் இதே தொழில்தான். அவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆங். தவறிடுச்சிம்மா" என்றார் துளசிங்கம், அவனுக்கும் கேட்கிற மாதிரி.

"போவுது, உடுங்க. அவரு வர்றதுக்குள்ள வளந்துடும்."

மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் மலைப்படியை நோக்கி நடந்தாள். அப்போதுதான் துளசிங்கம் தலையைத் தூக்கினார். பாவம், நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். எத்தனை நாளைக்கு நம்புவாள்?

முன்னால் போகிற தேசப்பனின் மொட்டைத் தலை வெறுமனே வெயிலில் மின்னியது. சந்தனம் வாங்கப் போனவள் சந்தனம் வாங்கவில்லை.

கொண்டையில் இருந்த அந்தத் துளிக் கனகாம்பரத்தையும் காணவில்லை. அந்த இடத்தில், கல்யாணத்தன்று வைத்துவிடுவார்களே அந்த மாதிரி, தலை கொள்ளாமல் மல்லிகைப்பூ தோள்வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது.