டிக் போட்ட படிவம்

ஆய்வகத்தில் விஷ ரசாயனங்கள் இருக்கும் அலமாரிக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி என்னிடம், மற்றொன்று எஸ்தரிடம். ஆண்டுக்கு ஒருமுறை நாங்கள் ஒருவரைப் பற்றி மற்றவர் படிவம் தர வேண்டும். இவரிடம் மனச்சோர்வு தெரிகிறதா என்பது ஏழாவது கேள்வி. துறை அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் போட்டே நகலெடுத்துத் தருவார்கள். கையெழுத்து மட்டும்தான் எங்கள் வேலை.

எஸ்தர் மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே நின்ற எனக்குக் கேட்டது. ‘ஆம்’ என்று மாற்றினால் சாவியை வாங்கிவிடுவார்கள். அவளுடைய நான்கு வருட ஆராய்ச்சி நின்றுவிடும்.

இன்று அவளைப் பற்றிய படிவம் என் முன்னால் இருந்தது. “என்னடி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி இவ்வளவு யோசிக்கிற?” என்று எஸ்தர் சிரித்தாள். என்னைப் பற்றிய படிவத்தில் அவள் எப்போதோ கையெழுத்துப் போட்டிருந்தாள். “போட்டுக் குடு. கேன்டீன்ல தோசை தீர்ந்துடும்.”

“வந்தா சாப்பிடுவியா?”

அவள் சிரிப்பு நின்றது. “ஆமான்னு போட்டா அம்மாவுக்கு போன் பண்ணுவாங்களா?” என்று கேட்டாள்.

“தெரியல.”

ஏழாவது கேள்விக்கு நேராகப் பேனாவை வைத்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.