கரடிக்குச் சொல்லும் பெயர்

மேசைமேல் இரண்டு துப்பாக்கிகள் கிடந்தன.

ஒன்று ஆர்கடி கொண்டுவந்த ரைஃபிள். ஐந்து தோட்டாக்கள் நிரப்பலாம். தொழிற்சாலைத் தோட்டாக்கள் எண்ணெய்த்தாளில் பொதிந்து பக்கத்திலேயே இருந்தன.

மற்றது நிக்கிஃபோரின் இரட்டைக்குழல். அதற்கான குண்டுகளை அவனே அடுப்பருகில் அமர்ந்து ஈயம் உருக்கி வார்த்துக்கொண்டிருந்தான்.

துங்குஸ்கா ஆற்றங்கரையில் அந்த ஆண்டு ஒரு கரடி குகைக்குப் போகவில்லை. உடலில் கொழுப்புச் சேராமல் குளிர்காலத்துக்குள் வந்துவிட்ட கரடிக்குத் தூக்கம் வராது. பசி மட்டுமே வரும். சில பனிமான்களைத் தின்று தீர்த்துவிட்டு, முந்தின நாள் ஊர்க்கோடி வீட்டுக் கதவைப் பிராண்டியிருந்தது. உள்ளே குழந்தைகள் தனியாக இருந்தார்கள்.

விடிந்ததும் அதைச் சுட்டாக வேண்டும். சுடும் பொறுப்பை ஊர் நிக்கிஃபோரிடம் கொடுத்திருந்தது.

கரடி வேட்டைக்கு மனைவியின் தம்பி துணை போவது அங்கே வழக்கம். வழக்கம் என்பதால்தான் ஆர்கடியை வீட்டுக்குள் விட்டிருந்தார்கள்.

"அஞ்சு தோட்டா மச்சான். ஒண்ணு தப்பினாலும் இன்னும் நாலு இருக்கு. உன்னோடதுல ரெண்டே ரெண்டுதான்" என்றான் ஆர்கடி.

"அது ஆத்துல எறங்கி எறங்கி, முடியெல்லாம் உறைஞ்சு ஓடு மாதிரி ஆயிருக்கு. உன் சின்னக் குண்டு அதுலயே நின்னுடும். இது கனம். எலும்பை உடைச்சிட்டு உள்ள போகும்."

"அதுக்கு மூச்சுக்காத்து படுற தூரத்துக்குப் போகணுமே. தாத்தா உனக்கு டீ ஊத்தி வச்சிக்கிட்டு நிப்பாரா?"

யாரும் சிரிக்கவில்லை. சன்னலோரம் தோல் காலணி தைத்துக்கொண்டிருந்த நிக்கிஃபோரின் மனைவி அகாஃபியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடப் பிறந்தவன் வந்து வெகுநேரமாகியும் அவன் முன்னே ஒரு குவளைத் தேநீர் வைக்கப்படவில்லை.

கரடியை அங்கே யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. தாத்தா என்பார்கள். தாத்தா விழுந்ததும் சுட்டவன் மண்டியிட்டு, வெறும் தோட்டாக் கூட்டின் அடியில் பதித்திருக்கும் தொழிற்சாலை முத்திரையை அதன் மூக்கருகே நீட்டுவான். நாங்கள் கொல்லவில்லை, தூரத்து ஊர்க்காரன் செய்த துப்பாக்கி கொன்றது, உன் கோபத்தை அவனிடம் கொண்டு போ என்பான். தாத்தா முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். அப்படிச் சொல்லத் தவறினால், சுட்டவன் வீட்டிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொண்டுதான் போவார்.

வேறெந்த விலங்கிடமும் மனிதன் இவ்வளவு மரியாதையாகப் பொய் சொன்னதில்லை.

"சரி, குழலையே எடுத்துக்க. ஆனா கடைத் தோட்டாவாப் போடு. கனமான குண்டு கடையிலயும் கிடைக்குது."

நிக்கிஃபோர் ஒரு பித்தளைக் கூட்டை அவன் பக்கம் உருட்டிவிட்டான். ஆர்கடி அதைத் திருப்பிப் பார்த்தான். அடியில் முத்திரை இல்லை. அரத்தால் ராவி வழவழப்பாக்கியிருந்தது.

"இதை வச்சு தாத்தாகிட்ட யாரைக் காட்டுவ?"

"என் பேரைச் சொல்வேன்."

"உனக்குப் பைத்தியமா மச்சான்? எல்லாரும் துப்பாக்கியச் சொல்லிட்டுத்தானே வர்றோம்?"

"துப்பாக்கி வெறும் குழாய் ஆர்கடி. அது தானா எதையும் பாத்துச் சுடறதில்ல."

ஆர்கடி சன்னல் பக்கம் திரும்பினான். "அக்கா, நீயாவது சொல்லேன். வீட்ல ஒரு உசிரை எடுத்துக்கிட்டுப் போயிடும்."

அகாஃபியா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போக இந்த வீட்ல இன்னும் யாரு மிச்சம்?"

அடுப்பில் விறகு வெடித்தது. நிக்கிஃபோர் அச்சைத் திறந்து, ஆறிய குண்டை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து வேறொரு வெறும் கூட்டை எடுத்து, ஆர்கடியின் தோட்டாக்களுக்குப் பக்கத்தில் தலைகீழாக நிறுத்தினான்.

இரண்டிலும் ஒரே முத்திரை.

ஆர்கடி அதைத் தொடவில்லை. எழுந்தான். ரைஃபிளை எடுத்துக்கொண்டான், தோட்டாக்களை மறந்துவிட்டுப் போனான். திறந்த கதவு வழியே குளிர் உள்ளே வந்தது. அகாஃபியா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

முந்தைய இலையுதிர் காலத்தில், அக்கரைப் பெர்ரிப் புதருக்குள் பழுப்பாக ஏதோ அசைவதைக் கண்டு ஆர்கடி சுட்டிருந்தான். அசைந்தது தோல் சட்டை. விபத்து என்று ஊர் ஒப்புக்கொண்டது. நிக்கிஃபோரும் அதை ஒப்புக்கொண்டான்.

அவனால் ஒப்புக்கொள்ள முடியாதது வேறு. சத்தம் கேட்டு அவன் ஓடிவந்தபோது, ஆர்கடி மண்டியிட்டிருந்தான். சூடு ஆறாத அந்தக் கூட்டை மகன் டிகோனின் மூக்கருகே நீட்டிப் பிடித்துக்கொண்டு, "நான் கொல்லல... தூரத்து ஊர்க்காரன் செஞ்ச துப்பாக்கி..." என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மகனுக்கு அப்போது இன்னும் மூச்சு இருந்தது. மாமனையே பார்த்துக்கொண்டிருந்தான்.