பதினேழாம் நிறுத்தம்

பதினேழை எடுத்துவிடு என்றது திரை.

இவள் நிரலை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். கணினிக்கு முகதாட்சண்யம் கிடையாது. மறுபடியும் பதினேழுதான்.

நிரல் எழுதிய இசக்கிராஜ் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"பதினேழுல ஒரே ஒரு ஆளுதான் ஏறுது. அதுக்காக பஸ்ஸு மெயின் ரோட்ட விட்டு ஊருக்குள்ள போய்ட்டு வருது. எடுத்துட்டோம்னா அதுக்கு முன்னாடி ஏறுனவங்க எல்லாருக்கும் ஒம்பது நிமிசம் மிச்சம்."

அந்த ஒரு ஆள், அறிக்கை எழுத உட்கார்ந்திருக்கிற இவள்.

அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த ஷிபானாவுக்கும் தெரியாது. இரண்டு பேரும் விடுதிப் பிள்ளைகள். கணக்கில் ஊர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான்.

அடுத்த வாரம் கணித மாதிரியாக்கப் போட்டி. நிஜப் பிரச்சினை ஒன்றைத் தருவார்கள். அதைக் கணக்காக்கித் தீர்த்து அறிக்கை எழுத வேண்டும். பழகிப் பார்க்க, பியூலா மேடம் கல்லூரிப் பேருந்தையே கொடுத்துவிட்டார். விடை சரியாக வந்தால் அடுத்த பருவத்திலிருந்து பேருந்து அதன்படியே ஓடும் என்று முதல்வரிடம் பேசியும் வைத்துவிட்டார்.

பேருந்து ஊருக்குள் வருகிறது என்பதால்தான் அப்பா இவளைப் படிக்க அனுப்பினார். அது நின்றால் படிப்பும் நிற்கும். சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்.

இவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

ஒரு எண்ணை லேசாக நகர்த்தினால் போதும். பதினேழு தப்பித்துவிடும். அறிக்கை இவள் கையில்தான் இருக்கிறது.

விரல் அந்த எண் வரைக்கும் போனது.

திரும்பி வந்தது.

திருட்டுத்தனமாகத் தப்பிக்க இவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தாக வேண்டும். ஒரு ஆளை இறக்கிவிடுவது இந்தக் கணக்குக்கு ஏன் இவ்வளவு சுலபமாக இருக்கிறது?

பதினேழை எடுத்தாள். மொத்தப் பயண நேரம் குறைந்தது.

பதினாறையும் எடுத்தாள். இன்னும் குறைந்தது.

பேருந்து நிலையத்தை எடுத்தாள். பாதிப் பேர் ஏறுகிற இடம். கணக்குக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

எல்லா நிறுத்தத்தையும் எடுத்தாள்.

பூஜ்யம்.

திரையை இசக்கிராஜ் பக்கம் திருப்பி வைத்தாள். உலகத்திலேயே சிறந்த கல்லூரிப் பேருந்து, யாரையும் ஏற்றாத பேருந்து.

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

பேருந்தில் இருப்பவர்களின் நேரத்தை மட்டும்தான் நிரல் கூட்டிக்கொண்டிருந்தது. கீழே இறக்கிவிடப்பட்டவர்கள் கணக்கிலேயே இல்லை. அவர்களும் எப்படியாவது கல்லூரிக்கு வந்து சேர வேண்டும் என்பதை மூன்று பேருமே மறந்திருந்தார்கள்.

அவன் தலையைச் சொறிந்துகொண்டே புது வரி ஒன்று சேர்த்தான். நிறுத்தத்தை எடுத்தால், அங்கே ஏறுகிறவர் நடக்கும் நேரமும் மொத்தத்தில் சேர வேண்டும்.

"பதினேழுல இருந்து மெயின் ரோட்டுக்கு நடந்தா எவ்ளோ ஆகும்? குத்துமதிப்பா ஒண்ணு போடுவோமா?"

இவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். உண்மையைச் சொன்னால் நாற்பது நிமிடம். ஒரு ஆளுக்கு நாற்பது. அந்தப் பக்கம் முன்னாலேயே ஏறிய இருபது பேர், தலைக்கு ஒன்பது. நிரலைத் திருத்தினாலும் பதினேழு போய்விடும். இந்த முறை நியாயமாகவே போகும்.

இருநூறு என்று சொல்லலாம். அவன் போட்டுக்கொள்வான்.

"நாப்பது," என்றாள்.

ஓட்டினார்கள். பதினேழை எடுத்துவிடு என்றது திரை.

ஷிபானா வரைபடத்தைத் திருத்தத் தொடங்கினாள். இவள் அறிக்கையைத் திறந்தாள். அனுமானங்கள் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரி ஏற்கெனவே இருந்தது. பேருந்து சீரான வேகத்தில் ஓடும். வழியில் பழுதாகாது.

மூன்றாவதாக இவள் எழுதினாள்.

பேருந்து ஊருக்குள் வராவிட்டாலும் பதினேழாம் நிறுத்தத்து மாணவி தினமும் கல்லூரிக்கு வருவாள்.

ஷிபானா எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"ஏட்டி, இது எப்படி அனுமானம் ஆகும்? நடுவர் ஆதாரம் கேட்டா என்ன காட்டுவ?"

இவள் அந்த வரியை அழிக்கவில்லை.

சாயங்காலம், ஊருக்குப் பிரிகிற சாலைக்கு முன்னால், இவள் எழுந்து ஓட்டுநர் பக்கத்தில் போய் நின்றாள்.

"இங்கயே எறங்கிக்கிடுதேண்ணே. நீங்க நேரா போங்க."

அவர் கண்ணாடியில் இவளைப் பார்த்தார். ஊருக்குள் நிறுத்தத்தில் அப்பா வந்து காத்துக்கொண்டிருப்பார் என்பது அவருக்கும் தெரியும்.

"அப்பாட்ட கேட்டியாம்மா?"

"போய்த்தான் சொல்லணும்."

பேருந்து நேராகப் போனது. இவள் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மணி பார்த்துவிட்டு, நடக்க ஆரம்பித்தாள்.