எடை கேட்கும் படிவம்

மதிய வெயில் சாப்பாட்டு மேசையில் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. மறுபாதியில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, பனிச்சறுக்குப் பயணத்துக்கான படிவத்தை அம்மா நிரப்புகிறாள். சறுக்குப் பலகை வாடகைக்கு வேண்டுமானால் ஆளாளுக்கு உயரம், எடை, பாத அளவு சொல்ல வேண்டும். எடையைக் கூட்டிச் சொன்னால் காலைப் பலகையோடு பிணைக்கும் பூட்டை அதிகமாக இறுக்கிவிடுவார்கள், விழும்போது அது கழலாமல் கால் முறியும் என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வேறு. "எனக்கு எண்பத்திரண்டு. நான் விழுந்தா மலைக்குத்தான் அடிபடும்," என்று அப்பா சோபாவிலிருந்து சிரிக்கிறார். பதினான்கு வயது மகள் சிரிக்கவில்லை. "எனக்கு நாப்பத்தெட்டு போடும்மா," என்கிறாள், யாரும் கேட்பதற்குள். அவள் கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைவரை வழுக்கி ஓடுவதை அம்மா ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால், பள்ளிக்கூடத்திலேயே சாப்பிட்டாச்சு என்ற ஒரே பதில்தான். "எதுக்கும் ஒரு தடவை வெயிட் பாத்துடலாம் கண்ணு." மகள் உள்ளே போய், பயணத்துக்கென்று வாங்கிய பனிக்கோட்டை மாட்டிக்கொண்டு வருகிறாள். "சும்மா போட்டுப் பாத்தேன்." அப்படியே எடை மெஷினில் ஏறுகிறாள். முள் ஆடி அடங்கி, சொல்லிவைத்தாற்போல் நாற்பத்தெட்டில் நிற்கிறது. "அப்புறமென்ன, போட்டு அனுப்பு," என்கிறார் அப்பா. அம்மா எழுந்துபோய் மகளை அணைத்துக்கொள்கிறாள். கோட்டுப் பைகளுக்குள் அப்பாவின் உடற்பயிற்சி இரும்புத் தட்டுகள் அம்மாவின் வயிற்றில் இடிக்கின்றன. அணைத்த கை கோட்டின் ஜிப்பைத் தேடுகிறது. "கழட்டாதம்மா," என்கிறாள் மகள், அம்மாவின் காதுக்கு மட்டும் கேட்கும்படி.