நண்பனுக்காக ஒரு சந்தேகம்

"எனக்கில்லம்மா. என் நண்பன் ஒருத்தனுக்காகக் கேக்கறேன்."

டயர் கடை நெவில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

வக்கீல் பிரையனி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் அந்தச் சின்ன ஊரில், செவ்வாய்தோறும் நூலகத்தில் உட்கார்ந்து இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்கிறவள் அவள். அபராதச் சீட்டோடு வருகிறவர்கள், குடித்துவிட்டு ஓட்டி மாட்டியவர்கள், எல்லோருக்கும் ஒரு 'நண்பன்' இருப்பான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். அதுவும் நெவிலுக்கும் பீருக்கும் உள்ள உறவு ஊரறிந்தது.

"சரி, உங்க நண்பர் என்ன பண்ணாரு?"

"குதிரைப் பந்தயத்துக்குப் போனான். சந்தோஷத்துல நாலு பீர் கூடுதலா உள்ள போயிடுச்சு. இந்த நிலைமையில ஓட்டக் கூடாதுன்னு வண்டியிலேயே தூங்கிட்டான்."

"நல்ல காரியம்தானே?"

"ஜூலைக் குளிரும்மா. ஹீட்டருக்காக இன்ஜினை ஓட விட்டிருந்தான். போலீஸ் வந்து கண்ணாடியைத் தட்டிட்டாங்க."

"எந்த சீட்டுல தூங்கினாரு?"

"ஸ்டியரிங் பக்கம்தான்."

பிரையனி பேனாவைக் கீழே போட்டாள். "ஓடுற இன்ஜின், டிரைவர் சீட்டு, வயித்துல பீர். வண்டி ஒரு அடி நகரலைன்னாலும் கேஸ்தான். பின் சீட்டுல போய்ப் படுக்க என்ன கேடு?"

"அதுல நாய் தூங்கிட்டிருந்தது. எழுப்ப மனசு வரலையாம்."

நெவிலின் கடை வாசலில் எந்நேரமும் ஒரு நாய் தூங்கிக் கிடப்பது அவளுக்கு நினைவு வந்தது. இந்த முறை சிரித்தே விட்டாள்.

"இதை மாஜிஸ்ட்ரேட் முன்னாடி சொன்னா அவருக்கே மனசு இளகிடும். கேஸ் என்னைக்கு?"

"முடிஞ்சு போச்சு. போன மாசம் இருபதாம் தேதி, பக்கத்து ஊர்க் கோர்ட்டுல. அவன் ஆஜராகல. இப்ப வாரண்ட் போட்டுட்டாங்க."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "ஆஜராகலையா? மட்டம் போட இதென்ன பள்ளிக்கூடமா? குடிக்க மட்டும் தைரியம் வருது, வந்து நிக்க வரலையா?"

"போனாம்மா. டை எல்லாம் கட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் போனான். அங்க ஒரு வக்கீலைப் பார்த்ததும் அப்படியே திரும்பி வந்துட்டான்." நெவிலின் குரல் இறங்கியது. "அன்னையிலேருந்து சரியாச் சாப்பிடறதில்ல. ரோட்டுல ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், போலீஸ்னு எழுந்து நின்னுடறான்."

பிரையனிக்குப் பாவமாகப் போய்விட்டது. எத்தனை குடித்தால்தான் என்ன, வயதான மனிதர்.

"நெவில், போதும். இந்த நண்பன் கிண்பன் எல்லாம் இனி வேண்டாம். போலீஸ் தேடி வர்றதுக்கு முன்னால நாமளே போய் நின்னுட்டா, பெரும்பாலும் வேற தேதி கொடுத்து அனுப்பிடுவாங்க. நாளைக்குக் காலையில நானே கூட வர்றேன். சரிதானே?"

"திட்ட மாட்டியே?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா! ஆனா ஒண்ணு சொல்லுங்க. இருபதாம் தேதி நானும் அந்தக் கோர்ட்டுக்குத்தான் வந்திருந்தேன். முதல் கேஸை முடிச்சுட்டு உடனே கிளம்பிட்டேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிச்சிருப்பேனே. அப்படி எந்த வக்கீலைப் பார்த்து பயந்தீங்க?"

நெவில் எழுந்து நின்றார்.

"உன்னைத்தாம்மா. 'ஊர் உலகத்துக்கு முன்னாடியெல்லாம் குத்தவாளியா நிப்பேன், பெத்த பொண்ணு முன்னாடி எப்படிடா நிப்பேன்'னு கேட்டுக்கிட்டு, வெளிய என் வண்டியில தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கான் உங்கப்பன்!"